ப்ரோசெக்கோவா, ஃப்ரான்ச்சகோர்த்தாவா, சோவாவேவா: வட இத்தாலி சாப்பாட்டுக்கு எந்த பாட்டில் வாங்கறது

சாப்பாட்டுக்கு எந்த ஒயின் வாங்கறதுன்னு ஒரே வாரத்துல மூணு பேர் கேட்டுட்டாங்க, அதனால தனித்தனியா பதில் அனுப்பாம மொத்தமா எழுதிடறேன். ஒருத்தர் மிலான்ல வேலை பாக்குறார், ஆபீஸ்ல கூட இருக்கற இத்தாலிக்காரர் வீட்டுல ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட கூப்பிட்டிருக்காங்க, மீன் சமையல்னு மட்டும் தெரியும், கையில என்ன எடுத்துட்டு போறதுன்னு தெரியல. இன்னொருத்தங்க குடும்பத்தோட கார்தா ஏரிக்கு நாலு நாள் வர்றாங்க, ஹோட்டல் மெனுவுல ஒயிட் ஒயின் பக்கத்தை பாத்தாலே தலை சுத்துதுன்னாங்க. மூணாவது ஒரு தம்பி, கிறிஸ்துமஸுக்கு வீட்டுல பத்து பேருக்கு சமைக்கறான், "அண்ணே, எல்லாத்துக்கும் ப்ரோசெக்கோவே வாங்கிட்டா போதுமா"ன்னு கேட்டான்.

போதாது. ப்ரோசெக்கோ, ஃப்ரான்ச்சகோர்த்தா ரெண்டும் பபிள்ஸ், அதாவது நுரைக்கற ஸ்பார்க்லிங் ஒயின், சோவாவே பபிள்ஸ் இல்லாத ஒயிட். நான் வெரோனால ஒரு ஓஸ்தெரியால, அதாவது சின்ன சாப்பாட்டுக் கடைல, ஒன்பது வருஷமா பரிமாறுறேன். புக்ல படிச்சதைவிட எந்த தட்டுக்கு எந்த க்ளாஸ் சீக்கிரம் காலியாகுது, எந்த க்ளாஸ் பாதியிலயே நிக்குதுன்னு பாத்து கத்துக்கிட்டது தான் எனக்கு அதிகம். அந்த கணக்குல சொல்றேன், ஒரு சாப்பாட்டுக்கு ஒரே பாட்டில் தான் வாங்க முடியும்னா பத்துல ஏழு தடவை அது பபிள்ஸ் இல்லாத ஒயிட்டா தான் இருக்கணும், ஆனா கேக்குற எல்லாரும் முதல்ல கேக்குறது பபிள்ஸ் தான்.

எதை வச்சு முடிவு பண்றது

முதல் கேள்வி, எப்போ குடிக்க போறீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி நின்னு பேசிக்கிட்டா, தட்டோடயா, கடைசில இனிப்போடயா. இந்த மூணுக்கும் ஒரே பாட்டில் சரிப்பட்டு வராது.

ரெண்டாவது, தட்டுல என்ன இருக்கு. மீனா கறியாங்கறதைவிட எப்படி சமைச்சிருக்குங்கறது தான் முக்கியம். எண்ணெய்ல பொரிச்சது, வெண்ணெய் ஊத்தினது, வினிகர் போட்டது, கசப்பு இருக்கறது, இனிப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒயின் வேற மாதிரி நடந்துக்கும். ஒரே மீனை பொரிச்சா பபிள்ஸ் கேக்கும், வெண்ணெய்ல வதக்கினா சதையுள்ள ஒயிட் கேக்கும்.

மூணாவது சர்க்கரை. இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஸ்பார்க்லிங் பாட்டில்ல "ப்ரூட்"னு போட்டிருந்தா லிட்டருக்கு 12 கிராம் வரைக்கும் சர்க்கரை, "எக்ஸ்ட்ரா ப்ரூட்"னா 6 கிராம் வரைக்கும், "எக்ஸ்ட்ரா ட்ரை"னா 12ல இருந்து 17, வெறும் "ட்ரை"னு போட்டிருந்தா 17ல இருந்து 32 கிராம். அதாவது ட்ரைன்னு எழுதியிருக்கறது ப்ரூட்டைவிட இனிப்பு. பேரை நம்பி வாங்கிட்டு வீட்டுக்கு போய் "என்னங்க இது தித்திக்குது"ன்னு சொல்றவங்க ஏராளம்.

நாலாவது பணம். பாட்டில் மேல ஒட்டியிருக்கற விலை மட்டும் இல்ல, மிச்சம் ஆனா நாளைக்கு தாங்குமா, குளிர வைக்க எவ்ளோ நேரம், கார் ஓட்டணுமா, இதெல்லாம் சேர்த்து. அதை கடைசில தனியா சொல்றேன்.

பபிள்ஸ் எங்க இருந்து வருது

இதை புரிஞ்சுக்கிட்டா விலை வித்தியாசம் தானா புரியும். ஒயின் ஒரு தடவை புளிச்சு முடிஞ்சதும் திரும்ப சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ரெண்டாவது தடவை புளிக்க விடுவாங்க, அப்போ வர்ற கேஸ் வெளிய போக வழியில்லாம ஒயினுக்குள்ளயே கரைஞ்சிடும். ப்ரோசெக்கோக்கு இது பெரிய ஸ்டீல் டேங்க்ல நடக்குது, சில வாரத்துல வேலை முடிஞ்சிடும், பழ வாசனை அப்படியே நிக்கும். வடமேற்கு இத்தாலில பியமோந்தேல இருந்த ஃபெதெரிக்கோ மார்ட்டினோட்டி 1895ல பேட்டன்ட் வாங்கின முறை இது, அப்புறம் ஃப்ரான்ஸ்ல ஷார்மா 1907ல அதை மேம்படுத்தினார், அதனால உலகம் ஷார்மா முறைன்னு சொல்லும், இங்க ஆளுங்க மார்ட்டினோட்டி பேரை விட மாட்டாங்க.

ஃப்ரான்ச்சகோர்த்தா, அப்புறம் ட்ரென்தோன்னு இன்னொரு பபிள்ஸ், இந்த ரெண்டுக்கும் ரெண்டாவது புளிப்பு ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளயும் தனித்தனியா நடக்குது. செத்த ஈஸ்ட் மண்டியோட மாசக்கணக்கா, வருஷக்கணக்கா படுக்க வச்சு, அப்புறம் மண்டியை மட்டும் வெளிய எடுத்து கார்க் போடுவாங்க. பிரட் வாசனை, பாதாம் வாசனை எல்லாம் அந்த மண்டி குடுக்கறது. இடமும் நேரமும் வேலையும் சேர்ந்து தான் விலை ஏறுது.

ப்ரோசெக்கோ

க்ளேரான்னு ஒரு திராட்சை, குறைஞ்சது 85 சதவீதம் இருக்கணும். முன்னாடி அந்த திராட்சைக்கே ப்ரோசெக்கோன்னு தான் பேரு, 2009ல சட்டத்தை மாத்தி திராட்சைக்கு க்ளேரான்னு பழைய பேரை குடுத்துட்டு, ப்ரோசெக்கோங்கறதை ஊர் பேரா ஆக்கினாங்க, த்ரியெஸ்தே பக்கத்துல அப்படி ஒரு கிராமமே இருக்கு. அப்போ தான் வேற நாட்டுல யாரும் அந்த பேரை போட்டு விக்க முடியாது. இப்போ ப்ரோசெக்கோ டிஓசி (டிஓசின்னா இந்த இடத்துல இந்த விதிப்படி போட்டதுன்னு சட்டம் குடுக்கற முத்திரை) வெனெட்டோ, ஃப்ரியூலி ரெண்டு மாநிலத்துலயும் சேர்த்து ஒன்பது மாவட்டத்துல பரவிக் கிடக்கு, வருஷத்துக்கு 60 கோடி பாட்டிலுக்கு மேல போடுறாங்க.

இதுக்குள்ளயே ரெண்டு வேற வேற சரக்கு இருக்கு. சமதரைல விளையற சாதா ப்ரோசெக்கோ டிஓசி ஒண்ணு. கொனெலியானோவுக்கும் வால்டொப்பியாடெனேக்கும் நடுவுல இருக்கற செங்குத்தான மலைச்சரிவுல விளையற சுப்பீரியோரே டிஓசிஜி இன்னொண்ணு, டிஓசிஜிங்கறது டிஓசிக்கு மேல்படி முத்திரை. அந்த மலைங்களை 2019ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க. நேர்ல போய் நின்னு பாத்தா தான் தெரியும், டிராக்டர் ஏற முடியாத சரிவு, புல் மூடின படிக்கட்டு மாதிரி வரிசை, பாதிக்கு மேல கை வேலை தான். சூப்பர்மார்க்கெட்ல டிஓசி ஆறு ஏழு யூரோக்கு கிடைக்குதுன்னா டிஓசிஜி பத்து பன்னெண்டு யூரோக்கு கிடைக்கும். அந்த நாலு யூரோவை கண்ணை மூடிட்டு குடுங்க, இந்த கட்டுரைல நான் சொல்ற செலவுலயே ரொம்ப நல்ல செலவு அது தான். கழுத்து பட்டைல டிஓசிஜின்னு இருக்கான்னு பாத்தா போதும். "ரீவே"ன்னு ஒரு கிராமத்து பேரோட இருந்தா அது இன்னும் செங்குத்தான குறிப்பிட்ட சரிவுல இருந்து வந்தது. கார்தித்சேன்னு ஒரு மலை இருக்கு, மொத்தமே 107 ஹெக்டேர், விலை அதிகம், பெரும்பாலும் ட்ரை வகை, அதாவது இனிப்பு பக்கம். ருசி நல்லாருக்கும், ஆனா சாப்பாட்டோட போக வாங்காதீங்க.

எதோட நல்லா போகும்னா, முதல்ல எதுவும் இல்லாமலே, நின்னுக்கிட்டே. அதுக்கு பிறந்தது தான் இது. அப்புறம் வெனிஸ் பக்கம் பார்கள்ல குடுக்கற சின்ன சின்ன தீனிங்க, சிக்கெத்தின்னு சொல்வாங்க, அதுல பக்காலா மந்தெகாத்தோன்னு ஒண்ணு. காத்துல காய வச்ச உப்பில்லாத நார்வே காட் மீனை, நம்ம பாஷைல சொன்னா உப்பு போடாத கருவாடு, ஊற வச்சு வேக வச்சு எண்ணெய் விட்டு விட்டு அடிச்சு வெண்ணெய் மாதிரி ஆக்கி பொலெந்தா மேல, அதாவது மக்காச்சோள மாவு களி மேல, வச்சு குடுப்பாங்க. 1431ல கப்பலேறின பியெத்ரோ குவெரீனிங்கற வெனிஸ்காரர் புயல்ல சிக்கி நார்வே தீவுல ஒதுங்கி, அங்க இருந்து இந்த மீனை ஊருக்கு கொண்டு வந்தார்னு இங்க எல்லாரும் சொல்வாங்க. அந்த எண்ணெய் பசையை ப்ரூட் ப்ரோசெக்கோ ஒரே வாய்ல துடைச்சு விட்டுடும். பொரிச்ச கணவா, பொரிச்ச பூசணிப்பூ, இதுக்கும் அதே தான்.

எக்ஸ்ட்ரா ட்ரை எங்க ஜெயிக்குதுன்னு கேட்டா, சார்தே இன் சாவோர்ல. பொரிச்ச மத்தி மீனை வதக்கின வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் பருப்போட ஒரு நாள் ஊற வச்சது. இனிப்பும் புளிப்பும் சேர்ந்த தட்டு, அதுக்கு முன்னாடி ப்ரூட் வச்சா ஒயின் எலும்பா நிக்கும், எக்ஸ்ட்ரா ட்ரைல இருக்கற கொஞ்சூண்டு சர்க்கரை தான் வினிகரை தாங்கும்.

எங்க எடுபடாது? கிரீம் போட்ட பாஸ்தா, நாள்பட்ட சீஸ், ராதிக்கியோ மாதிரி கசப்பு கீரை, ரோஸ்ட். இதுக்கெல்லாம் ப்ரோசெக்கோ உடம்பு பத்தாது, ரெண்டு வாய்க்கு அப்புறம் பழச்சாறு மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, பாட்டில்ல "மில்லெசிமாதோ"ன்னு தங்க எழுத்துல போட்டிருந்தா ஏதோ ஸ்பெஷல்னு நினைச்சு கூட ரெண்டு யூரோ குடுக்காதீங்க. ப்ரோசெக்கோல அதுக்கு அர்த்தம், உள்ள இருக்கறதுல குறைஞ்சது 85 சதவீதம் அந்த வருஷத்து அறுவடை, அவ்ளோ தான். பாக்கப்போனா வருஷத்தை பாக்கறது வேற காரணத்துக்கு, ரெண்டு மூணு வருஷம் பழசா ஆஃபர்ல கிடந்தா வாங்கக்கூடாது, ப்ரோசெக்கோ புதுசா குடிக்க வேண்டியது.

கலங்கலா, அடியில மண்டியோட ஒரு வகை இருக்கு, கோல் ஃபோந்தோ. பாட்டில்லயே புளிச்சு மண்டி எடுக்காம விட்டது, மலைக்காரங்க வீட்டுக்கு போட்டு குடிச்ச பழைய முறை. சர்க்கரை கிட்டத்தட்ட இருக்காது. சொப்ரெஸ்ஸா சலாமியும் பிரட்டும் வச்சு இதை குடிச்சு பாருங்க, எனக்கு ப்ரோசெக்கோ மேல மரியாதை வந்ததே இதுக்கப்புறம் தான்.

ஃப்ரான்ச்சகோர்த்தா, ட்ரென்தோ

ஃப்ரான்ச்சகோர்த்தா ப்ரெஷா மாவட்டத்துல, இசேயோ ஏரிக்கு தெக்க. ரொம்ப பழைய கதை இல்ல, 1961ல பெர்லுக்கி குடும்பத்து ஒயினரில ஃப்ராங்கோ ஸிலியானி போட்ட பாட்டில்ல இருந்து ஆரம்பிச்சது, 1995ல டிஓசிஜி ஆச்சு. ஷார்தொனே, பினோ நேரோ, பினோ பியாங்கோ திராட்சைங்க. ட்ரென்தோ இன்னும் வடக்க, மலைக்குள்ள, ஜூலியோ ஃபெர்ராரி 1902ல ஆரம்பிச்சு வச்சது, 1952ல லுனெல்லி குடும்பம் வாங்கினாங்க, 1993ல டிஓசி. கார் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, வாரத்துக்கு ஒருத்தராவது என்னை கேப்பாங்க.

ஈஸ்ட் மண்டியோட வைக்க வேண்டிய குறைஞ்ச காலம், சாதா ஃப்ரான்ச்சகோர்த்தாக்கு 18 மாசம், சாத்தேன் வகைக்கும் ரோஸேக்கும் 24, மில்லெசிமாதோக்கு 30, ரிசெர்வாக்கு 60. பாத்தீங்களா, அதே மில்லெசிமாதோ வார்த்தை இங்க உண்மையான அர்த்தத்தோட வருது. ட்ரென்தோக்கு சாதா 15, மில்லெசிமாதோ 24, ரிசெர்வா 36 மாசம். ரெண்டுக்கும் நடுவுல எதுன்னா, ட்ரென்தோ மலைக்காத்து பட்டதால புளிப்பு கூர்மையா இருக்கும், ஃப்ரான்ச்சகோர்த்தா கொஞ்சம் உருண்டையா, கனமா இருக்கும். காசு பாக்குறவங்களுக்கு ட்ரென்தோ, ஒரே ருசி தரத்துக்கு மூணு நாலு யூரோ குறைவா கிடைக்கும்னு தான் என் அனுபவம். என் பக்கத்து கடைல ட்ரென்தோ 16 யூரோல ஆரம்பிக்குது, ஃப்ரான்ச்சகோர்த்தா 20ல.

இதை நின்னுக்கிட்டு வேகவேகமா குடிச்சு முடிச்சீங்கன்னா காசு வீண். இது உக்காந்து சாப்பாட்டோட குடிக்க வேண்டிய பபிள்ஸ். பார்மா ஹாம், பர்மிஜானோ சீஸ் துண்டு, வெண்ணெயும் சீஸும் போட்டு கிளறின ரிஸோத்தோ அரிசி, ஏரி பக்கத்து க்ளூசானே கிராமத்துல பொலெந்தாவோட அடுப்புல வச்சு குடுக்கற டென்ச் மீன், ரொவாத்தோ ஊர்ல நெத்திலி வகை உப்பு மீனோட எண்ணெய்ல மெதுவா வேக வைக்கற மாட்டுக்கறி, இதுக்கெல்லாம் தாராளமா நிக்கும். முதல் தட்டுல இருந்து கடைசி தட்டு வரைக்கும் ஒரே பாட்டில் வகையை ஓட்டணும்னா ஸ்பார்க்லிங்ல இதால மட்டும் தான் முடியும். சாத்தேன்ல கேஸ் அழுத்தம் கம்மி, 5 அட்மாஸ்பியருக்கு மேல போகாது, வெள்ளை திராட்சை மட்டும், அதனால நாக்குல குத்தாது, பபிள்ஸ் பிடிக்காதவங்களுக்கு இதை குடுத்து பாருங்க.

திறக்கும்போது ஒரு விஷயம். பாட்டிலுக்குள்ள கார் டயரைவிட ரெண்டு மடங்குக்கு மேல அழுத்தம் இருக்கு. கம்பிக்கூண்டை ஆறு அரைச்சுத்து திருப்பினா தளர்ந்துடும், ஆனா கழட்டாம கட்டை விரலை மேல வச்சே இருங்க, பாட்டிலை சாய்ச்சு பிடிச்சு, கார்க்கை ஆட்டாம கீழ பாட்டிலை மெதுவா திருப்புங்க. நல்லா திறந்தா டப்புன்னு சத்தம் வராது, பெருமூச்சு விடற மாதிரி ஒரு சின்ன உஸ் மட்டும் வரும். சத்தம் வந்தா ஒயினும் கேஸும் சேர்ந்து வீணாகுதுன்னு எனக்கு வேலை கத்துக்குடுத்தவர் முதல் நாளே சொல்லிட்டார்.

சோவாவே

இப்போ நான் ரொம்ப நேரம் பேச ஆசைப்படற இடத்துக்கு வந்துட்டேன்.

வெரோனால இருந்து கிழக்க அரை மணி நேரம், கோட்டை மதில் சுத்தின சின்ன ஊரு சோவாவே. கர்கானெகா திராட்சை குறைஞ்சது 70 சதவீதம், மிச்சத்துக்கு த்ரெப்பியானோ தி சோவாவே, ஷார்தொனே சேர்க்கலாம். 1968லயே டிஓசி கிடைச்சது. அதுக்கப்புறம் டிமாண்ட் ஏறவும் சமதரைல எல்லாம் நட்டு தண்ணி மாதிரி ஒயினை லாரி லாரியா வித்தாங்க, அதனால இன்னைக்கும் ஒரு தலைமுறைக்கு சோவாவேன்னா மலிவு சரக்குன்னு நினைப்பு. அந்த நினைப்பு தான் நமக்கு லாபம், ஏன்னா மலைச்சரிவுல விளையற சோவாவே க்ளாசிக்கோ, வேற ஊர் பேர் போட்டிருந்தா இருபது யூரோ சொல்லுவாங்க, இங்க பத்து பன்னெண்டு யூரோக்கு கிடைக்குது. க்ளாசிக்கோன்னு போட்டிருந்தா சோவாவே, மொந்தேஃபோர்தே தால்போனே ரெண்டு ஊர் பக்கத்து பழைய மலைத்தோட்டத்துல இருந்து வந்ததுன்னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தை தான் இதுல முக்கியம்.

ஒரு செப்டம்பர் கடைசில அறுவடைக்கு கை குடுக்க போயிருந்தேன். பந்தல் கட்டி தான் கொடி ஏத்தியிருப்பாங்க, நம்ம ஊர் புடலங்கா பந்தல் மாதிரியே, கீழ நின்னு தலைக்கு மேல இருக்கற குலையை அறுக்கணும். கர்கானெகா குலை நீளமா, தளர்வா, ஒரு முழம்னு சொல்லலாம், வெயில் பட்ட பக்கம் தேன் நிறத்துக்கு மாறியிருக்கும். கீழ மண்ணு கறுப்பு, எரிமலை பாறை, ஒரு துண்டு எடுத்துட்டு வந்து ஜன்னல்ல வச்சிருக்கேன். அதே சோவாவேல மேக்கு பக்கம் போனா வெள்ளை சுண்ணாம்பு மண்ணு. பியெரோபான் குடும்பம் 1971ல கல்வரீனோன்னு ஒரே தோட்டத்து பேர்ல தனி பாட்டில் போட்டாங்க, அது எரிமலை மண்ணு, அப்புறம் லா ரோக்கா, அது சுண்ணாம்பு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடிச்சா, ஒரே குடும்பம், முக்கியமான திராட்சையும் ஒண்ணு தான், ஆனா மண்ணு வேறன்னு நாக்குக்கே தெரியும். முதல்ல சொன்னது கூர்மையா, ரெண்டாவது அகலமா இருக்கும்.

ருசி எப்படின்னா, முதல் வாய்ல பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். வெள்ளை பூ, பேரிக்கா, எலுமிச்சை தோல். முழுங்கினதுக்கு அப்புறம் பச்சை பாதாம் கசப்பு லேசா ஒண்ணு நிக்கும். அந்த கசப்பு தான் சாப்பாட்டோட இதை அடுத்த வாய் கேக்க வைக்கறது. தனியா குடிக்கறவங்களுக்கு ப்ரோசெக்கோ அளவுக்கு உடனே பிடிக்காது, தட்டு வந்ததும் பாருங்க.

இது எதோட போகும்னு கேட்டா பட்டியல் நீளும். வசந்தத்துல பட்டாணி அரிசி சேர்த்து சமைக்கற ரீஸி எ பீஸி. வெங்காயமும் உப்பு மீனும் கரைய விட்ட சாஸோட பீகொலி பாஸ்தா. பஸ்ஸானோ ஊர் வெள்ளை அஸ்பராகஸ் வேக வச்ச முட்டையோட. அஸ்பராகஸ் பொல்லாதது, பாதி ஒயினை வாய்ல தகரம் மாதிரி ஆக்கிடும், சோவாவே அதுக்கு அசராது. மொந்தே வெரொனேஸே சீஸ். ஆவில வேக வச்ச மீன், கோழி, காய்கறி ரிஸோத்தோ. ரெண்டு மூணு வருஷம் ஆன நல்ல சோவாவேன்னா வான்கோழி, பன்னிக்கறி ரோஸ்ட் வரைக்கும் போகலாம். நல்ல க்ளாசிக்கோ அஞ்சு ஏழு வருஷம் தாங்கும், தேன் வாசனை வந்துடும்.

சரிப்படாதது, அதிக வினிகர், தக்காளி சாஸ் கெட்டியா இருக்கற தட்டு, அப்புறம் ரொம்ப எண்ணெய்ல பொரிச்சது. பொரிச்சதுக்கு பபிள்ஸ் தான்.

ஒரே தப்பு எல்லாரும் பண்றது, ஃப்ரிட்ஜ்ல இருந்து ஐஸ் மாதிரி எடுத்து ஊத்தறது. 10ல இருந்து 12 டிகிரி இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து கால் மணி நேரம் மேசைல விடுங்க.

லுகானா

கார்தா ஏரிக்கு தெக்க, சீர்மியோனே, தெசென்த்சானோ, பெஸ்கியெரா பக்கம். திராட்சை துர்பியானா, 90 சதவீதம் குறைஞ்சது, வெர்திக்கியோங்கற இன்னொரு வெள்ளை திராட்சையோட நெருங்கின சொந்தம். களிமண்ணு, மழை பேஞ்சா பூட்ஸ் ஒட்டிக்கும், காஞ்சா கல்லு மாதிரி. 1967ல டிஓசி.

சோவாவேயைவிட பழம் அதிகம், உப்பு மாதிரி ஒரு முடிவு, உடம்பும் கூட. அதனால முதல் தடவை ஒயிட் குடிக்கறவங்களுக்கு இது உடனே பிடிக்கும். லவரெல்லோன்னு ஏரி வெள்ளை மீனை க்ரில் பண்ணி எலுமிச்சை பிழிஞ்சது, விரால் மாதிரி நீளமான லூச்சோ மீனை வேக வச்சு கேப்பர், உப்பு மீன் சாஸ் ஊத்தினது, வலெஜோ ஊர் தொர்தெல்லீனி பாஸ்தா வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டது, இதுக்கெல்லாம் லுகானாவை விட்டு வேற தேட வேண்டாம். விலை மட்டும் ஏறிடுச்சு, ஏரிக்கரை சுற்றுலா காரணமா ஹோட்டல்ல பாட்டிலுக்கு சோவாவேயைவிட பத்து யூரோ வரைக்கும் கூட போடுவாங்க. ஏரிக்கரைல இருக்கும்போது குடிங்க, மத்த ஊர்ல சோவாவேக்கு திரும்பிடுங்க.

பினோ க்ரீஜோ

சுருக்கமா சொல்லிடறேன். தோல் செம்பு நிற திராட்சை, 1961ல சாந்தா மார்கெரீத்தா கம்பெனி தோலை உடனே பிரிச்சு வெள்ளையா போட்டதுக்கு அப்புறம் உலகம் பூரா பரவினது, 2017ல தெல்லே வெனேத்சியேங்கற டிஓசி வந்தது. யாருக்கும் பிடிக்காம போகாது, யாருக்கும் ஞாபகமும் இருக்காது. சாண்ட்விச், முலாம்பழத்தோட ஹாம், வெயில் மதியம், கூட்டம் பெருசு பட்ஜெட் சின்னதுன்னா நியாயமான தேர்வு. ஃப்ரியூலில ராமாத்தோன்னு தோலோட ஊற வச்ச செம்பு நிற வகை கிடைச்சா அது வேற விஷயம், சலாமிக்கே தாங்கும்.

மொஸ்காதோ தாஸ்தி

இது மட்டும் பியமோந்தேல இருந்து. இனிப்பு, லேசான பபிள்ஸ், ஆல்கஹால் 4.5ல இருந்து 6.5 சதவீதம் தான். இதை ஏன் சேர்த்தேன்னா இத்தாலிக்காரங்களே வருஷா வருஷம் பண்ற தப்புக்காக. கிறிஸ்துமஸ்ல பனெத்தோனே, பந்தோரோ கேக் வெட்டும்போது ப்ரூட் ஸ்பார்க்லிங் திறக்கறாங்க. கேக் இனிப்புக்கு முன்னாடி ப்ரூட் வெறும் புளிப்பும் கசப்புமா ஆயிடும், இருபது யூரோ பாட்டில் கழனித்தண்ணி மாதிரி போகும். ஒரு தடவை ஒரு பெரிய குடும்பம் எங்க கடைல கேக்கோட எக்ஸ்ட்ரா ப்ரூட் கேட்டாங்க, நான் தயங்கி தயங்கி சொல்லி பாத்தேன், கேக்கல, கொண்டு போய் வச்சேன். எட்டு க்ளாஸ்ல ஆறு அப்படியே திரும்பி வந்தது. அன்னைல இருந்து சும்மா ஒரு வாய் மொஸ்காதோ ஊத்தி குடுத்து "கேக்கோட இதை பாருங்க"ன்னு சொல்லிடறேன், பேச்சு முடிஞ்சிடும். இனிப்பு தட்டுக்கு அதைவிட இனிப்பான ஒயின், இதுல விதிவிலக்கு கிடையாது.

ஒரு பார்வைல

| ஒயின் | கடை விலை (யூரோ) | எப்போ | நல்லா போறது | வேண்டாம் | குளிர் |
|---|---|---|---|---|---|
| ப்ரோசெக்கோ டிஓசிஜி ப்ரூட் | 10–14 | சாப்பாட்டுக்கு முன்னாடி | பொரிச்சது, பக்காலா | கிரீம், ரோஸ்ட், கேக் | 6–8 டிகிரி |
| ட்ரென்தோ / ஃப்ரான்ச்சகோர்த்தா | 16–30 | முழு சாப்பாடு | ஹாம், சீஸ், ரிஸோத்தோ | இனிப்பு | 8–10 |
| சோவாவே க்ளாசிக்கோ | 9–13 | தட்டோட | மீன், காய்கறி, முட்டை, கோழி | வினிகர், பொரிச்சது | 10–12 |
| லுகானா | 10–15 | தட்டோட | ஏரி மீன், வெண்ணெய் பாஸ்தா | கசப்பு கீரை | 10–12 |
| பினோ க்ரீஜோ | 5–9 | மதியம், கூட்டம் | சாண்ட்விச், சாலட் | கனமான தட்டு | 8–10 |
| மொஸ்காதோ தாஸ்தி | 8–13 | கடைசில | பனெத்தோனே, ஹேசல்நட் கேக் | மத்த எல்லாம் | 6–8 |

விலை எல்லாம் நான் வாங்கற கடைங்க கணக்கு, ஊருக்கு ஊர் மாறும்.

விலைச்சீட்டுல தெரியாத செலவு

பபிள்ஸ் பாட்டிலை திறந்தா அன்னைக்கே முடிக்கணும். ஸ்பார்க்லிங்குக்குன்னு இருக்கற இறுக்கிப் பிடிக்கற மூடி போட்டா மறுநாள் வரைக்கும் தாங்கும், ஸ்பூனை கழுத்துல தொங்க விடறது எல்லாம் பிரயோஜனம் இல்ல. சோவாவேயோ லுகானாவோ கார்க்கை திருப்பி வச்சு ஃப்ரிட்ஜ்ல போட்டா மூணு நாள் நல்லாருக்கும். ரெண்டு பேர் மட்டும் இருக்கற வீட்டுல இது பெரிய கணக்கு, பாதி கீழ ஊத்தற பாட்டிலோட விலை ரெண்டு மடங்கு தானே.

ஹோட்டல்ல கடை விலையைவிட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு போடறது சகஜம், கூடவே ஆளுக்கு கொபெர்த்தோன்னு ஒரு தொகை வரும். க்ளாஸ் கணக்குல வாங்கினா மேசைல வந்து பாட்டில்ல இருந்து ஊத்த சொல்லுங்க, ப்ரோசெக்கோவை குழாய்ல இருந்து பிடிச்சு அந்த பேர்ல விக்க சட்டத்துல இடமில்ல, பாட்டில்ல இருந்து தான் குடுக்கணும். குழாய்ல வந்தா அது வேற ஏதோ பபிள்ஸ்.

ஒல்லி நீள க்ளாஸ் ப்ரோசெக்கோக்கு பரவால்ல, ஃப்ரான்ச்சகோர்த்தாவை அதுல ஊத்தினா நீங்க குடுத்த காசுல பாதி வாசனை மூக்குக்கே வராது. சாதா ஒயிட் ஒயின் க்ளாஸே போதும், தனியா வாங்க வேண்டாம்.

கார் எடுத்துட்டு போறவங்களுக்கு, இங்க ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் தான் வரம்பு, லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆகாதவங்களுக்கு சுத்தமா பூஜ்ஜியம். மலைத்தோட்டங்களுக்கு ருசி பாக்க போறவங்க யார் ஓட்டறதுன்னு காலைலயே முடிவு பண்ணிடுங்க.

அந்த மூணு பேருக்கு

மிலான் நண்பருக்கு, மீன் சமையல்னா சோவாவே க்ளாசிக்கோ ரெண்டு பாட்டில், குளிர வச்சு எடுத்துட்டு போங்க. ஒரு ஃப்ரான்ச்சகோர்த்தா விலைல ரெண்டும் வந்துடும். ப்ரோசெக்கோ வேண்டாம், அவங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கும்.

கார்தாவுக்கு வர்ற குடும்பத்துக்கு, முதல் நாள் ராத்திரி ஏரி மீனோட லுகானா. மறுநாள் மாத்தி பாக்கணும்னா லெஸ்ஸீனி துரெல்லோன்னு மெனுவுல இருக்கான்னு தேடுங்க, வெரோனாவுக்கும் விச்சென்த்சாவுக்கும் நடுவுல இருக்கற மலைல விளையற துரெல்லா திராட்சை, எலுமிச்சை மாதிரி புளிப்பு, பொரிச்ச மீனுக்கு ப்ரோசெக்கோவை தோக்கடிச்சிடும். வெளியூர்க்காரங்களுக்கு பேரே தெரியாததால விலையும் ஏறல.

தம்பி, உனக்கு பத்து பேருக்கு கணக்கு இது. வந்தவுடனே நிக்கும்போது வால்டொப்பியாடெனே ப்ரோசெக்கோ ப்ரூட் ரெண்டு. சாப்பாட்டுக்கு சோவாவே க்ளாசிக்கோ நாலு, இல்ல கையில காசு இருந்தா ரெண்டு சோவாவே, ரெண்டு ட்ரென்தோ. பனெத்தோனேக்கு மொஸ்காதோ ரெண்டு, சின்னச்சின்ன ஊத்து தான், போதும். எல்லாத்தையும் முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல போடு, சோவாவேயை மட்டும் பாஸ்தா தண்ணி கொதிக்க ஆரம்பிக்கும்போது வெளிய எடுத்து வை.